இத்தனை போலீஸ் இருந்தும் எப்படி? திறந்தவெளிக் கூட்டமும் தலைவர் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 20 வருஷத்துக்கு மேலாக மேடை, பந்தல், தடுப்பு போடும் தொழில் செய்கிறேன். எல்லாக் கட்சிக்கும் போட்டிருக்கிறேன், அதனால் இங்கே எந்தக் கட்சிக்காகவும் பேசப் போவதில்லை. 2025-இல் கரூரில் நடந்த கூட்ட நெரிசல் சம்பவத்துக்குப் பிறகு டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பாதிப் பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன். நான் போலீஸ் இல்லை. ஆனால் பந்தோபஸ்து அதிகாரிகளோடு வெயிலில் நின்று மேடைக்கு அளவு எடுத்துக் கொடுத்தவன்.

இத்தனை போலீஸ் நிக்குறாங்களே அண்ணே, அப்புறம் எப்படி ஒருத்தன் உள்ளே வந்துடுறான்?

மைதானத்தில் நீங்கள் பார்க்கிற காக்கிச் சட்டைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தலைவர் பக்கமே வேலை கிடையாது. ஒருத்தர் வண்டிகளைத் திருப்பி விடுவார், ஒருத்தர் கயிறு பிடிப்பார், ஒருத்தர் பார்க்கிங்கில் இருப்பார். தலைவரைக் காப்பது என்பது வளையம் வளையமாகச் செய்யும் வேலை. உடம்போடு ஒட்டி நடப்பவர்கள் ஒரு வளையம், மேடையும் அதன் முன்புறமும் ஒன்று, மைதானமும் அதன் வாசல்களும் ஒன்று, வெளியே இருக்கிற சாலை, மாடி, மரம், பாலம் எல்லாம் சேர்ந்து இன்னொன்று.

ஒவ்வொரு வளையமும் ஒவ்வொருவர் கையில் இருக்கும். உள்ளே மத்தியப் படை, நடுவில் மாவட்ட போலீஸ், வாசலில் லோக்கல் ஸ்டேஷன், மேடைமேல் கட்சி நிர்வாகிகள். நான் படித்துப் பார்த்த சம்பவங்களில் பெரும்பாலானவை ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில்தான் நடந்திருக்கின்றன. "அதை அவங்க பார்த்துக்குவாங்க" என்று இரண்டு பக்கமும் நினைக்கிற ஒரு பத்தடி எங்காவது இருக்கும். கீழே சொல்லப்போகிற கதைகளில் அந்தப் பத்தடியைத் தேடிக்கொண்டே படியுங்கள்.

எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ்னு சொல்றாங்களே, இசட் பிளஸ் இருந்தா யாரும் கிட்ட வர முடியாதுதானே?

அந்த எழுத்துகள், ஒருவருக்கு இருக்கிற மிரட்டல் எவ்வளவு என்று உளவுத்துறை போடும் கணக்கை வைத்துக் கொடுக்கப்படுபவை. எழுத்து ஏற ஏற ஆட்கள், வண்டிகள் கூடும். செய்தியில் வரும் ஆள் எண்ணிக்கை ஷிஃப்டுகளையும் வீட்டுக் காவலையும் சேர்த்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலைவரைச் சுற்றி நிற்பதில்லை. மைதானத்தின் வாசலையோ எதிர்வீட்டு மாடியையோ பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை, அது மாநில போலீஸின் வேலை.

எஸ்.பி.ஜி. எல்லாப் பெரிய தலைவருக்கும் உண்டா?

இல்லை. இந்திரா காந்தி 1984-இல் சொந்தக் காவலர்களாலேயே கொல்லப்பட்ட பிறகு, 1985-இல் பிரதமருக்காக உருவாக்கிய படை அது. அதற்கான சட்டம் 1988-இல் வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இப்போதைய பிரதமர், அவரோடு அந்த அதிகாரப்பூர்வ வீட்டில் வசிக்கிற நெருங்கிய குடும்பத்தினர், பதவி விலகிய பிரதமர் என்றால் 5 வருஷம் வரை, அவ்வளவுதான். 1988 சட்டத்தில் முன்னாள் பிரதமர் என்ற வார்த்தையே இல்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது ஸ்ரீபெரும்புதூர் கேள்வியில் வருகிறது.

மேடைக்கு முன்னாடி அவ்வளவு இடத்தைச் சும்மா ஏன் விடுறீங்க? அங்கே 500 சேர் போடலாமே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத வட்டச் செயலாளர் கிடையாது. அந்தக் காலி இடத்துக்குத் தொழிலில் "டி" என்று பேர். மேடையை நேர்க்கோடாக வைத்து முன்னால் அரைவட்டமாகத் தடுப்பு கட்டினால் ஆங்கில டி எழுத்து மாதிரி வரும், அதனால் அந்தப் பேர். அதற்குள் பொதுமக்கள், தொண்டர், மாலை, சால்வை எதுவும் வரக்கூடாது. யாராவது தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தால் காவலருக்கு இரண்டு மூன்று நொடியாவது கிடைக்க வேண்டும், அந்த நொடிகளுக்காகத்தான் அந்த இடத்தை விடுகிறோம். வெடி வெடித்தாலும் நாலடி தள்ளி நிற்பதற்கும் நாற்பதடி தள்ளி நிற்பதற்கும் நடுவில் உயிரே இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன் வடசென்னையில் ஒரு கூட்டம். சவுக்குக் கட்டை நட்டு, டி-யைச் சுற்றி இரண்டு வரிசைத் தடுப்பு கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் உள் வரிசையைப் பிடுங்கிவிட்டு "முக்கியஸ்தர்கள்" என்று 200 நாற்காலி போட்டிருந்தார்கள். 20 பேருக்கு என்று எழுதிக் கொடுத்த மேடையில் 60 பேர் ஏறி, வலது மூலை அரை அடி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒருவருடைய பையைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு இன்றும் அந்த மூலை கனவில் வரும்.

மெட்டல் டிடெக்டர் வெச்சுட்டா போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசல் மாதிரி நிற்கிற கருவிக்குள் ஒரு ஆள் நுழைந்து, அது சத்தம் போட்டு, கையால் தடவிப் பார்த்து அனுப்ப 5 நொடி என்றே வையுங்கள். ஒரு நிமிஷத்துக்கு 12 பேர், ஒரு மணி நேரத்தில் 720 பேர். 10,000 பேரை ஒரு மணி நேரத்தில் அனுப்ப 14 வாசல் வேண்டும். நம் ஊர்க் கூட்டத்தில் நாலு இருந்தாலே பெரிய விஷயம். எல்லார் பையிலும் போன், சாவி, சில்லறை, பெண்களுக்குக் கொலுசு, அதனால் அது கத்திக்கொண்டே இருக்கும். தலைவர் கார் சைரன் கேட்டதும் பின்னால் இருப்பவர்கள் நெருக்க, வாசலில் நிற்கும் கான்ஸ்டபிள் "போங்க போங்க" என்று விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 14 வாசல் வேண்டிய இடத்தில் 4 வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்ல உண்மையில எங்கே கோட்டை விட்டாங்க?

1991 மே 21, இரவு 10 மணிக்கு மேல். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ராஜீவ் காந்தி அப்போது பிரதமர் இல்லை, 1989 தேர்தலில் தோற்றவர், அதனால் எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டிருந்தது. அதே வலுவுள்ள வேறு பாதுகாப்பு அவருக்குத் தரப்படவில்லை. பாதுகாப்புக் குறைகளை விசாரித்த வர்மா ஆணையம் இதைத்தான் முதல் குறையாகப் பார்த்தது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி முன்னாள் பிரதமர்களையும் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு.

அடுத்தது மைதானத்தில். மாலை போடுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது, வெடியைக் கட்டிக்கொண்டு வந்த விடுதலைப் புலிகளின் தணு என்ற பெண் அதில் இல்லை. சந்தன மாலையோடு நின்றவரை அங்கிருந்த ஒரு பெண் எஸ்.ஐ. தடுத்திருக்கிறார். ராஜீவ் காந்தியோ, எல்லாரும் வரட்டும் விடுங்கள் என்கிற மாதிரி கை காட்டினார். தணு குனிந்தார், இடுப்பில் கட்டியிருந்த வெடி வெடித்தது. தலைவரோடு குறைந்தது 14 பேர் செத்தார்கள், அதில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும் உண்டு. அந்தப் பெண் எஸ்.ஐ. காயங்களோடு பிழைத்தார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் நான் அழுத்திச் சொல்வேன்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. அதே மே மாத முதல் பாதியில், இங்கே சென்னை நந்தனத்தில் முன்னாள் பிரதமர் வி.பி.சிங் பேசிய கூட்டத்துக்கு அதே கும்பல் வந்து, ஒரு தலைவருக்கு எவ்வளவு அருகில் போக முடிகிறது என்று ஒத்திகை பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் படம் எடுத்துக்கொண்டிருந்தவரும் வெடியில் இறந்துபோனார், கேமரா மட்டும் தப்பியது. அந்தப் படங்கள்தான் விசாரணைக்கு வழிகாட்டின. அவற்றில் தணு கையில் மாலையோடு நிற்பதைப் பார்க்கலாம். டி என்று ஒன்று இருந்து, அதைக் காலியாகவும் வைத்திருந்தால் அவர் அங்கே நின்றிருக்க முடியாது.

அமெரிக்காவுலேயே ட்ரம்ப்பைச் சுட்டுட்டாங்களே, அவங்ககிட்ட இல்லாத வசதியா?

வசதி எல்லாம் இருந்தது. 2024 ஜூலை 13, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊர், திறந்தவெளி மைதானம். மேடையிலிருந்து சுமார் 130 மீட்டரில், பாதுகாப்பு எல்லைக்கு வெளியே ஒரு கம்பெனிக் கட்டடம். அதன் கூரைமேல் 20 வயசுப் பையன் ஒருவன் ஏறிப் படுத்து 8 தடவை சுட்டான். ட்ரம்ப்புக்குக் காதில் காயம், பார்க்க வந்தவர்களில் ஒருவர் இறந்தார், இரண்டு பேருக்குப் பலத்த காயம். அந்தக் கூரையை லோக்கல் போலீஸ் பார்ப்பதாக, தலைவரைக் காக்கும் மத்தியப் படையான சீக்ரெட் சர்வீஸ் நினைத்துக்கொண்டது. லோக்கல் போலீஸ் கட்டடத்துக்குள் இருந்தது, கூரைமேல் ஆள் இல்லை. முதல் பதிலில் சொன்ன அந்தப் பத்தடி இதுதான்.

இன்னும் கொடுமை, அவன் அங்குமிங்கும் அலைவதைச் சுடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே லோக்கல் போலீஸ் கவனித்துவிட்டது. ஆனால் இரண்டு படைகளுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை, தனித்தனி ரேடியோ. தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேரத்தில் சேரவில்லை, ட்ரம்ப்பும் மேடை ஏறிவிட்டார். அன்றைக்குப் பகலில் அந்தப் பையன் மைதானத்துக்குப் பக்கத்தில் ட்ரோன்கூட விட்டுப் பார்த்திருக்கிறான். பத்து நாளில் சீக்ரெட் சர்வீஸ் இயக்குநர் கிம்பர்லி சீட்டில் பதவி விலகினார்.

இதைத் தி.நகரில் வைத்து யோசியுங்கள். 2024 ஏப்ரலில் பிரதமர் மோடி பாண்டி பஜாரில் ரோடு ஷோ போன பாதையில் எத்தனை மொட்டை மாடி, எத்தனை ஜன்னல். பிரதமர் வருகைக்கு முன் வீடு வீடாக வந்து மாடிச் சாவி யாரிடம், புதுசாக யார் குடி வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். 130 மீட்டர் என்பது நம் தெருவில் பத்துப் பதினைந்து வீடுதான்.

ஜப்பான்ல துப்பாக்கியே கிடையாதுன்னு சொல்வாங்களே?

கடையில் கிடைக்காது, அதனால் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவன் தானே வீட்டில் குழாய் வைத்துச் செய்துகொண்டான். 2022 ஜூலை 8, நாரா நகரில் ரயில் நிலையத்துக்கு வெளியே நடுரோட்டில் நின்று ஷின்சோ அபே பேசிக்கொண்டிருந்தார். பின்பக்கம் முழுக்கத் திறந்த சாலை. முதல் குண்டு படவில்லை. அவரைக் கொன்ற இரண்டாவது குண்டுக்கு முன் இரண்டரை நொடிக்கு மேல் இருந்தது, அதற்குள் அவரை யாரும் கீழே தள்ளவில்லை, சத்தம் என்னவென்றே புரியவில்லை. சில நாள் முன்பு அதே இடத்தில் வேறொரு தலைவர் பேசியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால், அந்தப் பழைய திட்டத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள் என்று போலீஸின் சொந்த அறிக்கையே சொன்னது. அந்த நாட்டுப் போலீஸ் தலைவர் பதவி விலகினார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2023 ஏப்ரலில் வகயாமா மீன்பிடித் துறைமுகத்தில் பிரதமர் கிஷிடா மேல் பைப் வெடிகுண்டு வீசினார்கள். அங்கேயும் பைச் சோதனை இல்லை. அவர் தப்பினார்.

"போன தடவை இங்கேதான் நடத்தினோம், ஒண்ணும் ஆகலையே" என்பது என் தொழிலில் நான் தினமும் கேட்கிற வசனம். நந்தனத்திலும் ஒன்றும் ஆகவில்லை.

மேடையைப் பத்திரமா வெச்சுக்கிட்டா மத்தது தானா சரியாயிடும்ல?

கோவையை நினைத்துக்கொள்ளுங்கள். 1998 பிப்ரவரி 14, ஆர்.எஸ்.புரத்தில் அத்வானி பேசுவதாக இருந்த நாள். அவர் வர வேண்டிய விமானம் தாமதமானது, அதற்குள் ஊர் முழுக்கத் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் செத்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2011 அக்டோபரிலும் அவருடைய ரத யாத்திரை போக இருந்த வழியில், திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டியில் பாலத்துக்குக் கீழே பைப் வெடிகுண்டு கிடைத்தது. முன்கூட்டிச் சோதித்ததால் கிடைத்தது, அதனால்தான் அதை யாரும் இன்று பேசுவதில்லை.

கட்சிக்காரங்களையும் சந்தேகப்படணுமா? எல்லாம் தெரிஞ்ச முகம்தானே?

1993 மே தினத்தில் கொழும்பில் ஊர்வலத்தின் நடுவே இலங்கை அதிபர் பிரேமதாசாவைக் கொன்றவன், அவருடைய வேலையாளோடு பழகிப் பழகி வீட்டாளாகவே ஆனவன். 1987-இல் அதே கொழும்பில், ராஜீவ் காந்தி அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு நடந்தபோது, வரிசையில் நின்ற கடற்படை வீரரே துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தார். ராஜீவ் விலகியதால் உயிர் தப்பியது. முகத்தைப் பார்த்து உள்ளே விடக்கூடாது, பேரையும் பாஸையும் பையையும் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். மாவட்டச் செயலாளருக்கும் அதே சோதனைதான் என்று ஆகும்வரை தொண்டனைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

ரோடு ஷோவா, மைதானமா, எது ஆபத்து?

ரோடு ஷோ. மைதானத்துக்கு நாலு பக்கம் உண்டு, ரோட்டுக்குப் பக்கமே முடியாது. டி கட்ட முடியாது, வாசல் வைக்க முடியாது. பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பெனாசிர் பூட்டோ 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டி மைதானத்துக்குள் பேசி முடிக்கும்வரை நன்றாகத்தான் இருந்தார். வெளியே வந்து காரின் மேல் திறப்பு வழியாக எழுந்து நின்று கையசைத்தபோதுதான் தாக்கிக் கொன்றார்கள். 2024 ஏப்ரலில் விஜயவாடாவில் அப்போதைய ஆந்திர முதல்வர் ஜெகன் மோகன் பஸ்மேல் நின்றபோது நெற்றியில் கல் பட்டது. அன்று கல்லாக இருந்தது.

கரூர்ல நடந்தது கூட்ட நெரிசல்தானே, அதைப் போய் ஏன் பாதுகாப்புக் குறைன்னு சொல்றீங்க?

2025 செப்டம்பர் 27, வேலுச்சாமிபுரம், விஜய் பிரசாரம், 41 உயிர்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தவர் வந்து சேர இரவு 7 மணி ஆனது. போலீஸ் சொன்ன கணக்குப்படி எதிர்பார்த்தது 10,000, வந்தது 27,000. யார் மேல் தப்பு என்பதை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்திருக்கிறது, அதை நான் இங்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன். மேடை போடுகிறவனாக ஒன்று மட்டும் சொல்வேன். பாதுகாப்பு என்றால் தலைவருக்கு மட்டும் என்று நாம் பழகிவிட்டோம். 2018-இல் கருணாநிதி உடல் ராஜாஜி அரங்கில் வைக்கப்பட்ட நாளிலும் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், அதே பழக்கம்தான்.

தொழில் ரீதியாகவும் இரண்டும் ஒன்றுதான். கூட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துத் தடுப்பு கட்டி, கட்டத்துக்குக் கட்டம் வெளியேற வழியும் ஆம்புலன்ஸ் வழியும் விட்டால், ஜனங்கள் நெரிபட மாட்டார்கள், சந்தேகப்படுகிற ஆளும் தலைவர் பக்கம் நகர முடியாது. வண்டி நகரும்போது பின்னாலேயே கூட்டமும் நகர்ந்தால் இரண்டு வேலையும் போச்சு. அப்புறம் நேரம். ஏழு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் நின்றவர்களை எந்தத் தடுப்பும் பிடித்து வைக்காது.

தலைவரே தடுப்பைத் தாண்டி வந்து கை கொடுத்தா போலீஸ் என்ன பண்ணும்?

சங்கடமான கேள்வி. சட்டப்படி "வராதீங்க" என்று சொல்லலாம், எழுதிக் கொடுக்கலாம். நாளைக்கு அமைச்சராகப் போகிறவரின் கையைப் பிடித்து இழுக்க எந்த இன்ஸ்பெக்டருக்கு மனசு வரும்? ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பெண் எஸ்.ஐ.க்கு நேர்ந்தது இதுதான். நானே பார்த்த நல்ல உதாரணமும் ஒன்று இருக்கிறது. ஒரு தலைவர், ஜனங்களைத் தொட்டுப் பேச வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். இடது பக்கம் முப்பதடிக்கு இடுப்பு உயரத் தடுப்பு தனியாகக் கட்டி, சோதித்து விட்ட 100 பேரை மட்டும் அங்கே நிறுத்தினோம். அவர் இறங்கி வந்து எல்லார் கையையும் பிடித்தார், ஒரு பாட்டி அவர் கன்னத்தைக் கிள்ளினார். ஜனங்களிடம் வருவது தப்பே இல்லை, சொல்லாமல் வருவதுதான் ஆளைக் கொல்கிறது.

ஒவ்வொரு தடவையும் கமிஷன் போடுறாங்களே, அதனால ஏதாவது மாறுதா?

கொஞ்சம் மாறுகிறது. இன்று பெரிய பாதுகாப்பில் இருக்கிறவர் வருமுன் எல்லாத் துறையும் சேர்ந்து இடத்தைப் பார்த்து, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து போடும் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. 2022 ஜனவரியில் பஞ்சாபில் ஃபிரோஸ்பூர் பக்கம் பிரதமரின் கான்வாயே மறியலால் மேம்பாலத்தில் 15, 20 நிமிஷம் நின்றுவிட்டது. உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையில் குழு போட்டது. ஏட்டில் எழுதுவது சரியாகத்தான் இருக்கிறது. பிரதமர், முதல்வர் கூட்டங்களில் அது நடக்கவும் செய்கிறது. அதற்குக் கீழே வர வர, மாவட்ட அளவுக் கூட்டங்களில், அந்தத் தாளை யாரும் பிரிப்பதே இல்லை. சாவதற்கு அங்கேயும் அதே ஜனங்கள்தான் வருகிறார்கள்.

சரி, நாளைக்கு எங்க ஏரியாவுல கூட்டம். குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன், எதைப் பார்க்கணும்?

முதலில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே நுழைந்ததும் வெளியே போகிற வழி எது என்று பாருங்கள், வந்த வழியை நம்ப வேண்டாம், தலைவர் வந்ததும் அதை அடைத்துவிடுவார்கள். டி காலியாக இருக்கிறதா, மேடைமேல் எத்தனை பேர், தடுப்பில் யாராவது ஏறி உட்கார்ந்திருக்கிறார்களா, ஜெனரேட்டரும் கம்பியும் ஜனங்களுக்கு நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. மரத்திலும் கூரைத் தகரத்திலும் ஆள் ஏறியிருந்தால் அதற்குக் கீழே நிற்காதீர்கள். தனியாகக் கிடக்கிற பை, டிபன் பாக்ஸ் எதையாவது பார்த்தால் தொடாமல் பக்கத்தில் நிற்கும் போலீஸிடம் சொல்லுங்கள், அவர் அலட்சியப்படுத்தினால் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆகியும் தலைவர் வரவில்லை, பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைக்க இடமில்லை என்றால், யார் என்ன சொன்னாலும் ஓரமாக நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள். பேச்சை ராத்திரி போனில் பார்த்துக்கொள்ளலாம்.